ஏற்கெனவே தோண்டிய குழி

போன மாதக் கடைசியில் எங்கள் அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டத்தில் எனக்கு நல்ல மண்டகப்படி. பெங்களூரில் இருநூற்றுச் சொச்சம் வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் நான் பராமரிப்பு மேலாளர். மோட்டார், லிஃப்ட், ஜெனரேட்டர், டேங்கர் தண்ணீர், குப்பை எல்லாம் என் தலையில். ஈரக்குப்பையை உள்ளேயே மக்கவைக்க ஓர் இடம் வேண்டும் என்றார்கள். சி பிளாக் பின்னால் பழைய சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, ஒன்று பயனில்லாமல் கிடந்தது. குழி இருக்கிறது, சுவர் இருக்கிறது, மூடி இருக்கிறது, செலவே கிடையாது. அதிலேயே கொட்டச் சொல்லிவிட்டேன்.

இரண்டு மழை பெய்தது. சம்ப் சுவரில் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், குப்பையில் ஊறி, கறுப்புச் சாறாக பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் எட்டிப் பார்த்தது. நாற்றம் சொல்ல வேண்டாம். ஆனால் கூட்டத்தில் என்னை அதிகம் குடைந்தது நாற்றத்துக்காக இல்லை. சி பிளாக்கில் இருக்கும் ஒரு அம்மா எழுந்து, "எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?" என்றார். கேட்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தங்கவயல் வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு 83 வயது. பாதிக் கதையிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"சும்மா கெடக்கற குழின்னு ஒண்ணு கெடையாதுடா. நீ பாக்காத நேரத்துல அதுல தண்ணி கீது."

அப்பா சொன்னால் அது வெறும் பழமொழி இல்லை. கோலார் தங்கச் சுரங்கத்தில் 1961 முதல், 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடும் வரை, அவர் பம்ப் ஆள். பூமிக்கு அடியில், ஒவ்வொரு மட்டத்திலும் இருந்த சம்பில் சேரும் தண்ணீரை மேலே இருக்கும் சம்புக்கு ஏற்றி, அங்கிருந்து அதற்கும் மேலே ஏற்றி, கடைசியில் வெளியே தள்ள வேண்டும். சம்ப் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது வீட்டில்தான். பெங்களூருக்கு வேலைக்கு வந்த பிறகுதான் அது வீட்டு வாசலில் காவிரித் தண்ணீர் பிடிக்கும் தொட்டிக்கும் பெயர் என்று தெரிந்தது.

அன்று பேச்சு எங்கள் சம்பிலிருந்து நழுவி, 2012க்குப் போய்விட்டது.

அந்த வருஷம் நவம்பர். கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அணு உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளைக் கடைசியில் எங்கே வைப்பீர்கள் என்று நீதிமன்றம் கேட்டதற்கு, அரசுத் தரப்புப் பதிலில் கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் வந்தது. நாங்கள் அதைத் தெரிந்துகொண்டது ரயிலில். தங்கவயல்காரர்களில் பாதிப் பேர் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, சாம்பியன், உரிகம், கோரமண்டல், பங்காரப்பேட்டை என்று ஆள் சேர்த்துக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள். எதிர் சீட்டில் ஒருவர் கன்னடப் பேப்பரை விரித்து வைத்திருந்தார். வாசித்துவிட்டு, மடித்து, எங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "நம்ம ஊர்ல அணுக் குப்பை கொட்டப் போறானுங்களாம்."

அந்தப் பெட்டியில் அன்று யாரும் தூங்கவில்லை. வழக்கமாக மாலூர் தாண்டுவதற்குள் குறட்டை கேட்கும்.

ஊரில் போராட்டம் வெடித்தது. எல்லாக் கட்சிக்காரர்களும் தெருவுக்கு வந்தார்கள். சில நாட்களிலேயே அப்படியொரு திட்டம் இல்லை என்று மத்திய அரசுத் தரப்பு மறுத்துவிட்டது. விஷயம் அடங்கியது. ஆனால் பெயர் எப்படி வந்தது? அதற்கு ஒரு பழைய கதை உண்டு, அப்பாவுக்கு அது தெரிந்தும் இருந்தது.

எண்பதுகளில், சுரங்கத்தின் கைவிட்ட ஒரு பகுதியில், சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் ஓர் அறையை எடுத்துக்கொண்டு, பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் பாறையைச் சூடாக்கிப் பார்த்தார்கள். கதிரியக்கப் பொருள் எதுவும் இல்லை. வெறும் ஹீட்டர். உயர்நிலைக் கழிவை, அதாவது கதிரியக்கம் மிக அதிகமான கழிவை, கண்ணாடியோடு உருக்கிக் கெட்டியாக்கிப் புதைத்தாலும் அது பல காலம் சூடு கக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் சுற்றியுள்ள பாறை விரியுமா, பிளக்குமா, எவ்வளவு தூரம் சூடு பரவும் என்று அளப்பதற்கான சோதனை அது. அப்பா நேரில் பார்த்ததில்லை. ஆனால் கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில், இறங்கும்போது ஆட்கள் பேசிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

"பாம்பேக்காரங்க கல்லுக்கு ஹீட்டர் போடறாங்கன்னு சொன்னாங்க. நாங்க சிரிச்சோம். கீழ ஏற்கெனவே வெந்து சாவுறோம், இதுல ஹீட்டர் வேறயா!"

சிரிப்பதற்குக் காரணம் உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அந்த அடியாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். குளிர்ந்த காற்றை மேலிருந்து ஊதினால்தான் ஆள் நிற்க முடியும்.

ஆக, சோதனைச்சாலையாக இருந்த இடம் நீதிமன்றத்து வாக்கியம் ஒன்றில் புதைக்கும் இடமாகிவிட்டது, அல்லது அப்படிப் படிக்கப்பட்டது. ஆராய்ச்சி செய்யும் இடம் வேறு, கழிவை இறக்கும் இடம் வேறு என்று அந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். மாரிக்குப்பம் ரயிலில் இருப்பவனுக்கு அதை யார் சொல்வது?

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் நான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் முதலில் தட்டுப்பட்டது, "ஏற்கெனவே ஒரு குழி இருக்கிறதே" என்ற நினைப்பு எனக்கு மட்டும் வந்ததில்லை என்பது. பெரிய பெரிய தேசங்கள் இதில் விழுந்து எழுந்திருக்கின்றன.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் லயன்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஓர் உப்புச் சுரங்கம், வேலை நின்று கிடந்தது. உப்புப் படிவம் கழிவு புதைக்க நல்லது என்று விஞ்ஞானிகள் ஐம்பதுகளிலேயே சொல்லியிருந்தார்கள். உப்பு அங்கே அத்தனை கோடி ஆண்டுகள் கரையாமல் இருக்கிறது என்றால் அங்கே தண்ணீர் ஓடவில்லை என்றுதானே அர்த்தம்? அதோடு உப்பு மெல்ல மெல்ல இளகி நகர்ந்து, கீறல் விழுந்தால் தானே மூடிக்கொள்ளும். அறுபதுகளில் அந்தச் சுரங்கத்தில் நிஜமான எரிபொருளை இறக்கிச் சோதனையும் செய்தார்கள். 1970ல் அமெரிக்க அணுசக்தி ஆணையம், இதுதான் இடம் என்று அறிவித்துவிட்டது. சோதனை நடந்த இடம் அப்படியே கிடங்காகிறது. எங்கள் ஊர்க் கதை மாதிரியே இருக்கிறதா?

கான்சாஸ் மாநிலத்தின் சொந்தப் புவியியல் துறை ஒத்துக்கொள்ளவில்லை. தோண்டித் துருவிப் பார்த்தால், சுற்றுவட்டாரத்தில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் யார் யாரோ எப்போதோ போட்ட ஆழ்துளைகள் பல. சிலவற்றுக்குச் சரியான கணக்கே இல்லை. அப்புறம் பக்கத்தில் இன்னொரு உப்புக் கம்பெனி. அவர்கள் பூமிக்குள் தண்ணீரைச் செலுத்தி உப்பைக் கரைத்து எடுக்கிறவர்கள். ஒரு தடவை செலுத்திய தண்ணீரில் ஒன்றே முக்கால் லட்சம் காலன் திரும்பி வரவே இல்லை. உள்ளே எங்கேயோ போய்விட்டது! அதற்கு மேல் என்ன வேண்டும்? இரண்டே வருஷத்தில் லயன்ஸ் திட்டம் மூட்டை கட்டப்பட்டது.

இதைச் சொன்னபோது அப்பா, "எங்க போச்சுன்னு தெரியாத தண்ணிதான் மோசம்" என்றார். வருகிற தண்ணீரைப் பம்ப் போட்டு இறைத்துவிடலாம். போகிற தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் நாளைக்கு அது எங்கிருந்து வரும் என்றும் தெரியாது.

அமெரிக்கர்களாவது கொட்டுவதற்கு முன்னால் நிறுத்திக்கொண்டார்கள். ஜெர்மனியில் கொட்டியே விட்டார்கள். லோயர் சாக்சனியில் அஸ்ஸே என்ற இடத்தில் பழைய உப்புச் சுரங்கம். 1967 முதல் 1978 வரை, ஆராய்ச்சி என்ற பெயரில், குறைந்த, நடுத்தரக் கதிரியக்கக் கழிவு சுமார் 1,26,000 பீப்பாய்களை இறக்கினார்கள். சில அறைகளில் பீப்பாய்களை அடுக்கவில்லை, மேலிருந்து சரித்துக் கொட்டிவிட்டார்கள். எண்பதுகளின் கடைசியிலிருந்து சுரங்கத்துக்குள் தண்ணீர் வர ஆரம்பித்தது. நாளொன்றுக்குச் சுமார் 12 கன மீட்டர்.

12 கன மீட்டர் என்றால் 12,000 லிட்டர். பெங்களூரில் எங்கள் கேட்டுக்கு வரும் பெரிய டேங்கர் லாரி ஒன்றின் அளவு. தினமும் ஒரு லாரி தண்ணீர் கதிரியக்கக் குடோனுக்குள் வந்து கொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு, தீபாவளி பார்க்காமல், முப்பது வருஷத்துக்கு மேலாக. அதைப் பிடித்துப் பிடித்து மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். 2010 வாக்கில், எல்லாப் பீப்பாய்களையும் திரும்ப வெளியே எடுப்பதுதான் ஒரே வழி என்று முடிவு செய்தார்கள். அதற்காகப் புதிதாக ஒரு ஷாஃப்ட், செங்குத்தாக இறங்கும் குழி, தோண்ட வேண்டும். எடுக்கும் வேலை 2030களில்தான் தொடங்கும் என்கிறார்கள். சும்மா கிடந்த குழிக்கு ஆகும் செலவு இது.

உப்பு என்ற பொருளில் தவறில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நியூ மெக்சிகோவில் கார்ல்ஸ்பாட் பக்கத்தில் சுமார் 25 கோடி ஆண்டுப் பழைய உப்புப் படிவத்தில், 655 மீட்டர் ஆழத்தில், இதற்கென்றே புதிதாக வெட்டிய கிடங்கு 1999 முதல் நடக்கிறது. ராணுவ அணு ஆயுத வேலையில் மிஞ்சிய கழிவுக்கு. 2014ல் அங்கே ஒரு பீப்பாய் உள்ளே சூடேறி உடைந்தது. காரணம் பாறை இல்லை. கழிவோடு கலந்த உறிஞ்சும் பொருளை மாற்றிவிட்டார்கள்: பூனை மலம் கழிக்கப் போடும் மண் வகையில், களிமண்ணுக்குப் பதிலாகத் தானியத்தில் செய்த ஒன்றைப் போட்டுவிட்டார்கள். கழிவில் இருந்த நைட்ரேட்டும் தானியமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது சுரங்கத்தில் வெடி வைத்த எங்கள் ஊர்க் கிழவர்களுக்கே தெரியும். ஏறக்குறைய மூன்று வருஷம் வேலை நின்றது.

என் மேசையில் ஒரு கல் இருக்கிறது. உருளையாக, ஒரு சாண் நீளம், கரும்பச்சை நிறம். கோர் என்பார்கள். வைரப் பல் வைத்த குழாயால் பாறையைக் குடைந்து எடுக்கும் துண்டு. எப்போதோ அப்பா கொண்டுவந்தது. கரண்ட் பில் பறக்காமல் இருக்க அதை மேலே வைப்பேன். குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு, சுண்டுவிரல் அகலம். குவார்ட்ஸ். சின்ன வயசில் அந்தக் கோட்டில் தங்கம் தேடி ஊசியால் சுரண்டியிருக்கிறேன்.

அந்த வெள்ளைக் கோடு என்ன என்று யோசித்தால் விஷயம் பிடிபடும். பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாறை விரிசல் விட்டது. அந்த விரிசல் வழியாக ஆழத்திலிருந்து கொதிநீர் ஏறியது. அதில் கரைந்திருந்த சிலிக்காவும் தங்கமும் ஓரங்களில் படிந்து விரிசலை அடைத்தன. அதாவது தங்கம் இருக்கிற இடம் என்றாலே ஒரு காலத்தில் தண்ணீர் ஓடிய இடம். கழிவு புதைக்க வேண்டியது இதற்கு நேரெதிரான பாறை. வெட்டியெடுக்க ஒன்றும் இல்லாத, எவனும் எட்டிப் பார்க்காத, சலிப்பூட்டும் பாறை. வருங்காலத்தில் யாராவது தாதுவைத் தேடிக் குடைந்துவிடக் கூடாது என்பதும் இடம் தேர்வில் ஒரு கணக்கு.

எங்கள் ஊரில் அந்த விரிசல்களை நாங்கள் 120 வருஷம் துரத்தித் துரத்தித் தோண்டியிருக்கிறோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுரங்கப்பாதை இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். அவ்வளவு வெற்றிடத்தைப் பூமி சும்மா விடாது. பாறையின் அழுத்தம் திடீரென்று தெறிக்கும். ராக் பர்ஸ்ட் என்பது புத்தகப் பெயர், பழைய ஆட்கள் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். ராத்திரி அலமாரியில் பாத்திரம் குலுங்கினால் அம்மா முதலில் கேட்பது, "அப்பா எந்த ஷிஃப்ட்டு?" சுரங்கத்தை மூடி, பம்ப்புகளை நிறுத்தி, உள்ளே தண்ணீர் ஏற ஆரம்பித்த பிறகும் அவ்வப்போது வீடு ஆடியிருக்கிறது. அந்தக் குழிக்குள் கண்ணாடிக் கழிவை வைத்து லட்சம் வருஷம் பத்திரமாக இருக்கும் என்று கையெழுத்துப் போட எந்தப் புவியியலாளரும் முன்வர மாட்டார் என்று நினைக்கிறேன். 2012ல் அதை நிதானமாக எங்களுக்குச் சொல்லியிருந்தால் பாதிக் கலவரம் அடங்கியிருக்கும்.

லட்சம் வருஷம் என்பதை மிகைக்காகச் சொல்லவில்லை. கழிவில் இருக்கும் சீசியம்-137 பாதியாகக் குறைய 30 வருஷம். அதைச் சில நூறு ஆண்டுகள் காவல் வைத்துக் கடத்திவிடலாம். புளூட்டோனியம்-239 பாதியாக 24,100 வருஷம். எந்த அரசாங்கமும் எந்த வாட்ச்மேனும் அதுவரை இருக்கப் போவதில்லை. அதனால்தான் பாறையையே காவலுக்கு வைக்கப் பார்க்கிறார்கள்.

ஃபின்லாந்துக்காரர்கள் கழிவைப் புதைக்க 1983லேயே ஒரு கால அட்டவணை போட்டார்கள். முதலில் வரைபடத்தை வைத்துக்கொண்டு நாட்டையே சலித்தார்கள். நூற்றுச் சொச்சம் இடங்கள் தேறின. 1987ல் அது 5 ஆயிற்று. கடைசிச் சுற்றில் 4: எவ்ராயோகி ஊராட்சியில் ஓல்கிலுவோட்டோ தீவு, லோவீசா, கூஹ்மோ, ஆனெகோஸ்கி. நான்கு இடத்தையும் வருஷக்கணக்கில் குடைந்து, கோர் எடுத்து, எந்த விரிசலில் எவ்வளவு தண்ணீர், அது எத்தனை காலமாக அங்கே நிற்கிறது, உப்பா இனிப்பா என்று அளந்தார்கள். கடைசியில் வந்த பதில் எனக்குப் பிடித்திருந்தது: நான்குமே தேறும். பாறையை வைத்து ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று பிரிக்க முடியவில்லை.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? அங்கேதான் ஊர் வருகிறது. ஃபின்லாந்தின் 1987 அணுசக்திச் சட்டப்படி, ஊராட்சி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மேலே அப்பீல் கிடையாது. எவ்ராயோகியில் ஏற்கெனவே அணு உலைகள் இருந்தன. மக்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள், எரிபொருளும் அங்கேயே கிடக்கிறது. ஆனாலும் ஊராட்சி முதலில், கழிவுக் கிடங்கு இங்கே வேண்டாம் என்றுதான் எழுதி வைத்திருந்தது. 1994ல் அதை எடுத்தார்கள். 2000 ஜனவரியில் ஊராட்சி மன்றத்தில் ஓட்டு: சம்மதம் 20, எதிர்ப்பு 7. அடுத்த ஆண்டு மே மாதம் நாடாளுமன்றத்தில் 159க்கு 3. 2004ல் பாறையைக் குடைய ஆரம்பித்தார்கள். 400 மீட்டருக்கும் கீழே, 180 முதல் 190 கோடி ஆண்டுப் பழைய பாறைக்குள். எரிபொருளை இரும்புக்குள் வைத்து, அதை 5 சென்டிமீட்டர் கனமுள்ள செம்புக் குடுவைக்குள் வைத்து, சுற்றிலும் நனைந்தால் உப்பி அடைத்துக்கொள்ளும் பெண்டோனைட் களிமண்ணை நிரப்பி மூட வேண்டும். 2024ல் கழிவில்லாத குடுவைகளை வைத்து ஒத்திகையும் ஆரம்பித்தார்கள். 1983 அட்டவணையில் போட்டிருந்தது 2020. அரசாங்க வேலையில் நாற்பது வருஷத் திட்டம் இவ்வளவு கொஞ்சமாகப் பிசகியதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அப்பாவிடம் செம்புக் குடுவையைப் பற்றிச் சொன்னதும், "அண்டா மாதிரியா?" என்றார். அண்டாதான், மூடி போட்டது, ஆளைவிட மூன்று மடங்கு உயரம். செம்புக்கு ஆகும் பணத்தை மனசில் கணக்குப் போட்டார் போல. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த ஊர்க்காரனுக்கு இன்னா குடுத்தாங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். கிடங்கு கட்டும் கம்பெனியின் பெயர் போசிவா. ஓட்டெடுப்புக்கு முந்தின வருஷம் ஊராட்சியோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. வுவோயோகி என்ற பழைய மாளிகையில் ஊராட்சியின் முதியோர் இல்லம் இருந்தது. அந்த மாளிகையைக் கம்பெனி வாடகைக்கு எடுத்துக்கொண்டு, புது முதியோர் இல்லம் கட்ட ஊராட்சிக்குக் கடன் கொடுத்தது.

"லஞ்சம்," என்றார் அப்பா.

"கடன்பா. எல்லாம் பகிரங்கமா எழுதிப் போட்டது."

"சரி, நல்ல லஞ்சம்."

எனக்கும் அதில் முழுச் சம்மதம் இல்லை. வரி வருமானம், முதியோர் இல்லம், வேலைவாய்ப்பு என்று தட்டில் வைத்து நீட்டும்போது ஏழை ஊர் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஜப்பானில் தோயோ என்ற சிற்றூரின் மேயர் 2007ல் ஆரம்பக் கட்ட ஆய்வுக்கு ஊரைக் கொடுக்கிறேன் என்று விண்ணப்பித்தார். கஜானா காலி, மானியம் வரும் என்ற கணக்கு. ஊர் கொதித்தது. ராஜினாமா செய்து மறுபடி நின்று தோற்றார். விண்ணப்பம் வாபஸ். ஆனால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை நிஜமாக இருந்தால், வேண்டும் என்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. ஸ்வீடனில் வடக்கே ஸ்டூருமான் ஊரில் 1995ல் வாக்கெடுப்பு வைத்தார்கள், 71 சதவீதம் வேண்டாம் என்றார்கள். 1997ல் மாலோவில் 54 சதவீதம் வேண்டாம். இரண்டு இடத்திலும் அந்த நாட்டுக் கழிவுக் கம்பெனி பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியது. கடைசியில் அணு உலை இருக்கும் இரண்டு ஊர்கள் போட்டியில் நின்றன. 2009ல் ஃபோர்ஸ்மார்க்கைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன காரணம், அங்கே கிடங்கு ஆழத்தில் பாறையில் விரிசல் குறைவு, தண்ணீர் குறைவு. அப்பாவே தேர்ந்தெடுத்த மாதிரி இருக்கிறது.

இதற்கு எதிர்க்கோடி நெவாடா. 1986ல் அமெரிக்காவில் மூன்று இடங்கள் மிஞ்சின: டெக்சாஸில் உப்பு, வாஷிங்டன் மாநிலத்தில் பசால்ட் என்ற எரிமலைப் பாறை, நெவாடாவில் யக்கா மலை. மூன்றையும் ஆராய்ந்து ஒப்பிடுவதாகத்தான் சட்டம். 1987ல் சட்டத்தைத் திருத்தி, யக்காவை மட்டும் பார்த்தால் போதும் என்று நாடாளுமன்றம் முடித்துவிட்டது. அப்போது பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் டெக்சாஸ்காரர், அங்கே பெரும்பான்மைக் கட்சித் தலைவர் வாஷிங்டன்காரர், நெவாடாவின் ஹாரி ரீட் செனட்டுக்குப் புதுசு. அவர் வளர்ந்து செனட்டின் பெரும்பான்மைத் தலைவரான பிறகு என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2010ல் திட்டம் கிடப்புக்குப் போனது. மலைக்குள் வெட்டிய சுரங்கம் இன்னும் காலியாக இருக்கிறது.

நம் நாட்டுக் கதையை நீட்ட ஒன்றுமில்லை. எரிபொருளை மறுசுழற்சி செய்கிறோம், மிஞ்சும் உயர்நிலைக் கழிவு கொஞ்சம்தான், அதைக் கண்ணாடியாக்கிக் காற்று குளிர்விக்கும் கிடங்கில் வைத்திருக்கிறோம், ஆழ்நிலக் கிடங்குக்கு இப்போதைக்கு அவசரமில்லை என்பதுதான் அரசின் நிலை. கணக்காகப் பார்த்தால் அதில் தப்பில்லை. 2013 மே 6ஆம் தேதி கூடங்குளம் தீர்ப்பில் நிரந்தர இடத்துக்கான வேலையைச் சீக்கிரம் பாருங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உலைக்கு வெளியே தற்காலிகக் கிடங்கு கட்ட 2019 ஜூலை 10ஆம் தேதி ராதாபுரத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைத்தார்கள்.

தேனி பொட்டிபுரத்தில் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகம் வருகிறது என்றபோது, அது அணுக்கழிவு கொட்டத்தான் என்று ஒரு பேச்சு பரவியதே, அதைக் கேட்டு நான் ஒரு பக்கம் சிரித்தேன். 1965ல் காற்றுமண்டல நியூட்ரினோவை உலகிலேயே முதலில் பதிவு செய்தவர்களில் எங்கள் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்குக் கீழே உட்கார்ந்திருந்த குழுவும் ஒன்று. அங்கே ஆய்வுக் கருவிகளைக் கேஜில் இறக்கிய ஆட்கள் இன்னும் எங்கள் லைனில், சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில், இருக்கிறார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு பக்கம் சிரிப்பு வரவில்லை. மலைக்குள் குடையப் போகிறோம் என்று யாராவது சொன்னால், ஊர்க்காரன் முதலில் நினைப்பது குப்பையைத்தான். காரணமில்லாமல் நினைக்கவில்லை.

தங்கவயலுக்கு வருகிற யாருக்கும் முதலில் கண்ணில் படுவது சயனைட் மலைகள்தான். தாதுக் கல்லை அரைத்து, தங்கத்தைச் சயனைடில் கரைத்து எடுத்த பிறகு மிஞ்சிய சாம்பல் நிற மண், மூன்று கோடி டன்னுக்கு மேல், ஊருக்கு நடுவே குன்று குன்றாக. சினிமாக்காரர்கள் வந்து சண்டைக் காட்சி எடுத்துப் போவார்கள். கோடையில் காற்று திரும்பினால் போதும், எங்கள் லைன் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்துத்தான் அம்மா சோறு வடிப்பாள். தட்டை நிமிர்த்தி விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, வெள்ளையாக ஒட்டினால் மறுபடி கழுவுவாள். அந்த மலைகளுக்கு இடம் தேர்ந்தெடுத்தது யார்? யாரும் இல்லை. ஆலைக்குப் பக்கத்தில் காலி இடம் இருந்தது, கொட்டினார்கள். அதற்குக் கீழே அப்புறம் வீடு வந்ததா, வீட்டுக்கு மேலே மலை வந்ததா என்று இன்று யாருக்கும் நிச்சயமில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது அப்பாவிடம் கேட்டேன். 2012ல் ஓர் அதிகாரி வந்து, ஃபின்லாந்து மாதிரி எல்லாவற்றையும் விளக்கி, ஓட்டும் போடச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

யோசிக்கவே இல்லை. "மொதல்ல தண்ணிய எறைங்கடான்னு சொல்லியிருப்பேன். முழுசா எறைச்சு, காய வெச்சு, அப்பால வாங்க, பேசலாம்." பம்ப் சுவிட்சைப் போடுவது போல விரலை அசைத்தார். 2001லிருந்து நிரம்பிக்கொண்டிருக்கும் தண்ணீர். 3 கிலோமீட்டர் ஆழம்.

வாசல் வரை வந்தவர், "உன் சம்ப்பை இன்னா பண்ணே?" என்றார்.

குப்பையை அள்ளிவிட்டு, கீறலைச் சிமெண்ட் பூசி அடைத்து, மேலே மண் போட்டு மூடிவிட்டேன் என்றேன். புது இடத்துக்கு மூன்று யோசனைகளை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன், சி பிளாக் அம்மாவையும் கமிட்டியில் சேர்த்திருக்கிறேன் என்றும் சொன்னேன். அதெல்லாம் அவர் காதில் விழவில்லை.

"பூச்சு உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"உள்பக்கம்."

"அடுத்த மழைக்குப் பாரு," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.